நூறு வட்டம் பார்த்தவள்

அந்தச் சுகாதார நிலையத்தின் பின்பக்கத்தில், கழிப்பறைக்கும் மருந்துக் கிடங்குக்கும் நடுவே, நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய அளவில் ஓர் அறை இருந்தது. கதவில் ‘ஆய்வகம்’ என்று எழுதியிருந்தார்கள். யாரும் அப்படிச் சொன்னதில்லை, லேப் என்பார்கள். அங்கே பத்தொன்பது வருடமாகச் சளியைச் சோதித்து, காசநோய் உண்டா இல்லையா என்று எழுதிக்கொண்டிருந்தவரை லேப்காரர் என்பார்கள். அவர் மனைவியை லேப்காரர் சம்சாரம் என்பார்கள். அவளுக்கும் ஒரு பெயர் இருந்தது. அது அடையாள அட்டையோடு பெட்டிக்குள் கிடந்தது.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். மதியம் டிபன் கேரியரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை கதவோரம் நிற்பாள். அவ்வளவுதான் அவளுக்கும் அந்த அறைக்கும் உள்ள உறவு. அவர் கண்ணில் சர்க்கரை நோய் இறங்கும்வரை.

முதலில் பஸ் போர்டு மங்கியது. பிறகு ரிப்போர்ட் எண்கள் மங்கின. கடைசியில் சிவப்பும் நீலமும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. சளிப் பரிசோதனைக்காரருக்கு அந்த இரண்டு நிறம் போனால் எல்லாம் போன மாதிரி. சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சிவப்புச் சாயம் ஊற்றி, அடியில் தீ காட்டி ஆவி வரவைத்து, அமிலத்தில் கழுவி, மேலே நீலம் ஊற்றுவார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மற்றதெல்லாம் நீலமாக இருக்க, காசநோய்க் கிருமி மட்டும் மெல்லிய சிவப்புக் குச்சியாகத் தெரியும். ஒரு நேரத்தில் கண்ணுக்குத் தெரிவது ஒரு சின்ன வட்டம்தான். ‘இல்லை’ என்று எழுத வேண்டுமானால் அப்படி நூறு வட்டம் பார்க்க வேண்டும் என்பது விதி. இருபது வட்டத்தோடு எழுதிவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

கண் போய்விட்டது என்று சொன்னால் வேலை போய்விடும் என்று அவர் பயந்தார். ஒருநாள் மதியம் கேரியரைத் திறக்கவில்லை.

“கதவைச் சாத்து. இங்க வா. இதுல கண்ணை வை. என்ன தெரியுது?”

“நீலமா இருக்குங்க.”

“சிவப்பா ஏதாவது?”

“முடி மாதிரி ஒண்ணு... இல்ல, ரெண்டு. லேசா வளைஞ்சிருக்கு.”

அவர் நோட்டில் எழுதினார். “என்னங்க அது?” என்று கேட்டாள். “அது உனக்கு எதுக்கு?” என்றார்.

மறுநாளிலிருந்து அவள் காலையிலேயே வர வேண்டியதாயிற்று. லேப்பைப் பெருக்கித் துடைக்கச் சம்பளமில்லாமல் தன் மனைவி வருவாள் என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவைத்தார். சும்மா வரும் ஆளை எந்த டாக்டர் வேண்டாம் என்பார்? விடை தெரிந்த பழைய ஸ்லைடுகள் ஒரு மரப்பெட்டி நிறைய இருந்தன. தினம் ஐம்பதை எடுத்து அவள் முன்னால் வைப்பார். தப்பாகச் சொன்னால் பெட்டியின் மூடியால் விரல் கணுவில் ஒரு அடி. “கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாருடி. சாணி மூளை.” வலது கை ஆள்காட்டி விரல் கணு வீங்கி, அப்படியே நின்றுவிட்டது. பிறகு எந்த மோதிரமும் அதில் ஏறவில்லை. மூன்று மாதத்தில் அடி நின்றது. அவர் மனம் இளகி அல்ல. அடிக்கத் தப்பு கிடைக்கவில்லை.

அவளுக்கு அந்த வேலை பிடித்துப்போனதுதான் விசேஷம். வட்டத்துக்குள் கண்ணை வைத்துவிட்டால் யாரும் கூப்பிட மாட்டார்கள். அடுப்பு இல்லை, அவர் குரல் இல்லை. நீலத் தரையில் மெதுவாக நகர்ந்துகொண்டே போகலாம். நூறு என்றால் நூறு பார்ப்பாள். நிலையத்துக்கு வரும் இருமல்களைச் சத்தத்தை வைத்தே தரம் பிரிக்கப் பழகினாள். “இது சிகரெட் இருமல், இதுக்குச் சளி டப்பா எதுக்கு, தண்டம்” என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொள்வாள்.

ஆறு வருடம் ஓடியது. இங்கே பார்த்த ஸ்லைடுகளில் சிலவற்றைத் தலைமை அலுவலகம் வாங்கி மறுபடி பார்க்கும். ஆறு வருடத்தில் ஒரு தப்புகூட வரவில்லை. லேப்காரருக்கு மேடை போட்டு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதை வாங்க அவர் தப்பான பக்கம் கையை நீட்டியதைப் பதற்றம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். வீட்டில் அலமாரியில் வைத்து, “தூசி தட்டி வை” என்று அவளிடம் சொன்னார்.

அந்த வருடத்தில்தான் பெயின்டர் வந்தார். நாலு வீடு தள்ளி, அதே தெருக்காரர். ஏணி மேலேயே பாதி வாழ்க்கை. இரண்டு முறை டப்பா கொடுத்தும் எதுவும் தெரியவில்லை. மூன்றாவது டப்பாவில், தொண்ணூற்று மூன்றாம் வட்டத்தில் ஒரு குச்சி, தொண்ணூற்று ஏழில் இன்னொன்று. மாத்திரை ஆரம்பித்தார்கள். இரண்டு மாதத்தில் அவர் கன்னம் நிரம்பியது. தெருவில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பூரிப்பு. அவருக்கு அவளைத் தெரியாது. குனிந்து நடக்கும் ஒரு பெண்பிள்ளை, அவ்வளவுதான்.

அப்போது மேலிடத்தில் ஒரு முடிவெடுத்தார்கள். வெளியிலிருந்து அனுப்பும் ஆட்கள் ஆறு மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள், எனவே சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளையே பழக்கி வேலைக்கு வைப்போம் என்று. ஒன்பது பேரைத் தேர்ந்தெடுத்து ஆறு வாரப் பயிற்சிக்கு இந்த நிலையத்துக்கே அனுப்பினார்கள். லேப்பில் இடம் பத்தாமல் வராந்தாவில் மேசை போட்டார்கள். பயிற்சி கொடுப்பவர் யார்? கேடயம் வாங்கியவர்தான்.

அவர் நன்றாகப் பேசுவார். பேச்சுக்குக் கண் தேவையில்லை. பயிற்சிக்கு வந்தவர்கள் ஸ்லைடைக் காட்டி, “சார், இது சரியா?” என்று கேட்டால், “முதல்ல லென்ஸைத் துடைக்கணும். ஏய், இங்க வந்து துடை” என்பார். அவள் துணியோடு வந்து, துடைப்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பாள். கிருமி இருந்தால் துணியை அவர் இடது கை மேல் படும்படி வைப்பாள். இல்லையென்றால் வலது கை மேல். பிறகு அவர் குனிந்து, லென்ஸில் கண்ணை வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொல்வார்.

எட்டுப் பேர் நம்பினார்கள். ஒன்பதாவது, ஓயாமல் கேள்வி கேட்கும் ஒரு பெண். லேப்காரர் அவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்திருந்தார்.

“அக்கா, லென்ஸ் துடைக்கறப்ப ஃபோகஸை எதுக்குத் திருப்பறீங்க?” என்று ஒருநாள் கை கழுவுமிடத்தில் கேட்டாள்.

“அழுக்கு தெரியறதுக்கு.”

“எனக்கும் அதான்க்கா பிரச்சினை. எது அழுக்கு, எது கிருமின்னு புரியவே மாட்டேங்குது. சார்கிட்ட கேட்டா திட்டறார்.”

லேப்காரர் சம்சாரம் சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் இல்லை. “ஃபோகஸ் திருகை லேசா அசைச்சுப் பாரு. சாயத் துணுக்கு பளபளன்னு மின்னும். கிருமி மின்னாது. கம்முனு கெடக்கும்” என்றாள்.

ஆறு வருடத்தில் அவள் அந்த வேலையைப் பற்றி இன்னொருவரிடம் பேசிய முதல் பேச்சு அது. அன்றிலிருந்து இடைவேளையெல்லாம் வாயாடி அவள் பக்கத்தில்தான். நாலாவது வாரத்தில் வாயாடிக்கு எல்லாம் புரிந்துவிட்டது, துணி எந்தக் கைக்குப் போகிறது என்பது உட்பட.

பயிற்சி முடிந்த அன்று எல்லாரிடமும் ஒரு படிவம் கொடுத்தார்கள். கடைசியில் ‘பயிற்சியை மேம்படுத்த உங்கள் யோசனை’ என்று நாலு கோடு விட்டிருந்தது. வாயாடி தனித்தாள் வாங்கி ஒரு பக்கம் எழுதினாள். கொடுத்த கையோடு லேப்புக்கு ஓடிவந்தாள், முகமெல்லாம் சிரிப்பு.

“அக்கா, உங்களைப் பத்தி எழுதியிருக்கேன். நிஜமாப் பார்க்கறது நீங்கதான், சொல்லிக் குடுத்ததும் நீங்கதான், இவ்வளவு வருஷமா சும்மா உழைக்கறாங்க, இவங்களுக்கு வேலை போட்டுக் குடுங்கன்னு.”

லேப்காரர் சம்சாரத்தின் கையில் நீலச் சாய பாட்டில் இருந்தது. அதை மேசையில் வைத்தாள். “குடுத்துட்டியா?”

“கவர்ல போட்டு ஒட்டிட்டாங்கக்கா. ஏன்க்கா? தப்பாவா எழுதிட்டேன்?”

“இல்லம்மா” என்றாள். “நல்லாத்தான் எழுதியிருக்க.”

பதினோராம் நாள் விசாரணைக்கு வந்தார்கள். அதிகாரி, ஒரு எழுத்தர், ஒரு மைக்ராஸ்கோப் நிபுணர். டாக்டரம்மாவின் அறையில் நாற்காலி போட்டார்கள். லேப்காரருக்கும் ஒன்று. அவள் நின்றாள்.

“எனக்கு ஒண்ணுமே தெரியாது சார்” என்றார் லேப்காரர். “நான் சாப்பிடப் போற நேரத்துல இவ உள்ள நுழைஞ்சு நோண்டியிருக்கா. பெருக்க வந்தவ பெருக்கிட்டுப் போக வேண்டியதுதானே? வீட்லயும் இப்படித்தான் சார், எதையாவது தொட்டுக்கிட்டே இருப்பா.”

இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்திய மனிதர். அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அவள் இருந்த பக்கம் திரும்பாமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினார். வெட்கத்தாலா, அவள் எங்கே நிற்கிறாள் என்று தெரியாததாலா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

“நீங்க என்னம்மா சொல்றீங்க?” என்றார் அதிகாரி.

“என்னைச் சோதிச்சுப் பாருங்க சார்.”

நிபுணர் தன் பெட்டியிலிருந்து இருபது ஸ்லைடுகளை எடுத்து வைத்தார். அன்று காலையில் அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. முதலிலிருந்து கடைசிவரை தலை நிமிராமல் பார்த்தாள். இத்தனை வருடத்தில் முதல்முறையாகத் தன் கையாலேயே விடை எழுதினாள். எழுத்து சின்னப் பிள்ளை எழுத்து போலக் கோணியிருந்தது. இருபதில் பத்தொன்பது நிபுணரின் பட்டியலோடு ஒத்துப்போனது. ஒன்றில் பட்டியல் ‘இல்லை’ என்றது, அவள் ‘உண்டு’ என்று எழுதியிருந்தாள். நிபுணர் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துத் தன் பட்டியலைத் திருத்தினார்.

டாக்டரம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை. “சார், இவங்களையே எடுத்துக்கலாமே?”

“என்ன டாக்டர் பேசறீங்க? எட்டாங் கிளாஸ்!” என்றார் அதிகாரி. திருத்திய பட்டியல் அவருக்கு எரிச்சலூட்டியிருந்தது. “ஒண்ணு கவனிச்சீங்களா? இருபதுக்கு இருபது. ஒருநாள் ரெண்டுநாள் எட்டிப் பார்த்தவங்க இப்படிப் பார்க்க முடியாது. வருஷக்கணக்கா இவங்கதான் பார்த்திருக்காங்க. புகாருக்கு வேற சாட்சியே வேண்டாம்.” எழுத்தரிடம் திரும்பி, “அந்த மார்க்கையும் சேர்த்து எழுதுங்க” என்றார்.

வளாகத்துக்குள் நோயாளியாகத் தவிர இனி நுழைய மாட்டேன் என்று அவளிடம் கையெழுத்து வாங்கினார்கள். லேப்காரர் கண்ணைச் சோதித்தார்கள். உண்மை தெரிந்தபோது அவரைத் தண்டிக்க யாருக்கும் மனசு வரவில்லை. உடல்நலக் குறைவு என்று எழுதி, ஓய்வூதியத்தோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அத்தோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நிலையத்தின் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள்: தகுதியற்ற நபர் பரிசோதித்ததால் முந்தைய சளி முடிவுகள் செல்லாது, மறுபரிசோதனை செய்யப்படும். அதுவரை மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று ஒரு வரி சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. மறுபரிசோதனைக்கு ஆளும் இல்லை. பழக்கிய ஒன்பது பேருக்கும் நியமன உத்தரவு வர எட்டு மாதம் ஆனது.

செல்லாது என்றால் பொய் என்று ஊர் படித்துக்கொண்டது. மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த நாற்பத்தொரு பேரில் பாதிப்பேர் நிறுத்திவிட்டார்கள். அறிவிப்பைக் கேள்விப்பட்ட அன்றே லேப்காரர் சம்சாரம் பெயின்டர் வீட்டுக்குப் போனாள். அவர் மட்டும் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

“மாத்திரையை விட்டுடாதீங்க. இன்னும் மூணு மாசம் முழுங்கணும். உங்களுக்கு இருக்கறது நிஜம். நானே பார்த்தேன்.”

பெயின்டர் சிரித்தார். “நீ பார்த்ததாலதானேம்மா இல்லைங்கறாங்க! போய்ச் சோத்தைப் பொங்கு, போ.” அவருக்கு அன்று அவ்வளவு சந்தோஷம். மாத்திரை அட்டைகளைப் பெயின்ட் டப்பாவில் போட்டுத் தூக்கி எறிந்ததைத் தெருவே பார்த்தது.

ஐந்தாவது மாதம் ஏணியில் நிற்கும்போது ரத்தம் கக்கினார். பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி மாத்திரை கொடுத்தார்கள். அது இந்த முறை கேட்கவில்லை. ஏழு வாரம் கிடந்து செத்தார்.

எட்டாம் நாள் காலை பத்து மணிக்கு அவர் மனைவி வந்து லேப்காரர் வீட்டு வாசலில் நின்றாள். இடுப்பில் நாலு வயதுப் பெண் குழந்தை. தெரு கூடிவிட்டது.

“எதுக்குடி நோண்டின? பெரிய டாக்டருன்னு நெனப்பா? உன்னாலதாண்டி எல்லாம் குழம்பிப்போச்சு. நீ உன் வேலையைப் பார்த்துக்கிட்டு இருந்திருந்தா என் வீட்டுக்காரரு ஒழுங்கா மாத்திரை முழுங்கியிருப்பாரு!”

முகத்தில் துப்பினாள். நான் வந்து சொன்னேன், அவர்தான் கேட்கவில்லை என்று லேப்காரர் சம்சாரம் சொல்லவில்லை. தாலியறுத்து நிற்பவளிடம் அதை எப்படிச் சொல்வது? உள்ளே நாற்காலியில் இருந்த லேப்காரர், “அவ சொல்றதுல என்ன தப்பு?” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அன்று சாயங்காலம்வரை அவள் முகத்தைக் கழுவவில்லை.

அதன் பிறகு அவளிடம் ஏதோ இறுகிப்போனது. அவருக்கு இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்து, “தெருவுல என்ன சத்தம்? யார் போறாங்க?” என்று கேட்பார். “யாருமில்ல” என்பாள். நாலு பேர் பேசிக்கொண்டு போவது அவர் காதிலேயே விழும். “யாரோ பேசற மாதிரி இருக்கே?” “யாருமில்லன்னேனே.” தன் காதையே சந்தேகப்பட்டுக்கொண்டு அவர் தலையை இப்படியும் அப்படியும் திருப்புவதைப் பார்த்துக்கொண்டே சட்டை மடிப்பாள்.

வாயாடிக்கு அந்த லேப்பிலேயே வேலை கிடைத்தது. கிடைத்த இரண்டாம் மாதம் ஒரு மத்தியானம் லேப்காரர் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் தாளில் சுற்றிய ஸ்லைடு.

“அக்கா, உங்களைப் பார்க்க எனக்கு முகமே இல்ல.”

“அப்புறம் எதுக்கு வந்த?”

வாயாடியின் கண் நிறைந்தது. துடைத்துக்கொண்டாள். “ஒரு ஸ்லைடுக்கா. ஒண்ணு இருக்கற மாதிரி இருக்கு. திருகினா மின்னுதா இல்லையான்னே தெரியல. பின்வாசல் திறந்திருக்கு, டாக்டரம்மா மீட்டிங் போயிருக்காங்க. ஒரே நிமிஷம் வந்து பார்த்துட்டுப் போயிடுங்கக்கா.”

“யாரோடது?”

தயங்கினாள். “பெயின்டர் சம்சாரத்தோடது.”

“எத்தனை வட்டம் பார்த்த?”

“அறுபது.”

“மிச்சத்தைப் பாரு.”

“பார்த்தாலும் எனக்கு நிச்சயமாச் சொல்ல வராதுக்கா.”

“வரலைன்னா இல்லைன்னு எழுது. உன்னை யார் வந்து கேக்கப் போறா? கேட்டா என்னைத்தானே கேப்பாங்க?”

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்காமல் அங்கேயே நின்றாள். இன்னொரு தடவை தட்டினால் திறந்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.

மறுநாள் அவளே அந்த வீட்டுக்குப் போயிருக்கலாம். இன்னொரு டப்பா கொடு, விடாதே என்று ஒரு வார்த்தை. நாலு வீடு தள்ளித்தான். நாளைக்குப் போகலாம் என்று நினைத்தாள். ஜன்னல் வழியாக அந்த இருமல் கேட்கும். அது எந்த ரக இருமல் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. எழுந்து ஜன்னலைச் சாத்துவாள். “புழுக்கமா இருக்கே, ஏன் சாத்தற?” என்பார் அவர். ஒரு வாரம் போனது, பிறகு ஒரு மாதம்.

வாயாடி ‘இல்லை’ என்றுதான் எழுதியிருந்தாள். நாலு மாதம் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வேறு ஒருவர் கண்டுபிடித்தார். அதற்குள் நோய் குழந்தைக்குத் தொற்றி, மூளைக் காய்ச்சலாக மாறியிருந்தது. பத்தொன்பது நாள் நினைவில்லாமல் கிடந்து குழந்தை பிழைத்துக்கொண்டது. காது மட்டும் போய்விட்டது. வாயாடி இரண்டு வாரம் லீவு போட்டாள். திரும்பி வந்த பிறகு யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. இப்போது அவள் நன்றாகப் பார்க்கிறாளாம். அடுத்து வரப்போகும் பத்துப் பேரைப் பழக்க அவளைத்தான் போட்டிருக்கிறார்கள்.

லேப்காரருக்கு மருந்து வாங்க மாதம் ஒருமுறை அவள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவாள். அப்படி ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் பெயின்டர் மனைவி குழந்தையோடு நின்றிருந்தாள். பாதியாகியிருந்தாள். லேப்காரர் சம்சாரம் திரும்பிப் போய்விடலாமா என்று நினைப்பதற்குள் அவளே கிட்டே வந்தாள்.

“அக்கா.”

“ம்.”

“அன்னைக்கு நான் அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது. நீங்க வந்து அவர்கிட்ட சொன்னீங்களாம், பக்கத்து வீட்ல இப்பதான் சொன்னாங்க. புருஷன் போன வெறியில என்னென்னவோ பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்கக்கா.”

லேப்காரர் சம்சாரத்தின் வாய் திறந்தது. கதவு, தாழ்ப்பாள், அறுபது வட்டம், எல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றன. “மாத்திரை ஒழுங்கா முழுங்கறியா?” என்று மட்டும்தான் கேட்க முடிந்தது.

“முழுங்கறேன்க்கா. இவளுக்கும் குடுக்கறேன். டாக்டர் சொன்னாரு, கொஞ்சம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா காதைக் காப்பாத்தியிருக்கலாமாம். நம்ம நேரம்.”

பஸ் வந்தது. கூட்டம் முண்டியடித்தது. பெயின்டர் மனைவிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏற மூச்சு இல்லை. “குடு” என்று வாங்கி, லேப்காரர் சம்சாரம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினாள். கண்டக்டர் காதைப் பிளக்கிறமாதிரி விசில் ஊதினார். குழந்தை அசையவில்லை. அவள் காதில் கிடந்த தோட்டைப் பிடித்துத் திருகி விளையாடிக்கொண்டிருந்தது.